ஊசிக்கு மூடி போட்டவள்

ஊசி உள்ளே போவதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஹாகனுக்கு ஆட்சேபணை இல்லை. தன் ரத்தம் வெளியே போவதுதான் ஆகாது. அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் நாற்பது வருஷம் கப்பலில் இரும்புத்தாது ஏற்றியவர். எதை எடுத்தாலும் எங்கே போகிறது என்று கேட்பார். ரத்தம் எடுக்க வந்த இரண்டு பேரை ஏற்கெனவே விரட்டியாகிவிட்டது.

அன்று காலை இன்சுலின் போட வந்தவள் டெல்லா. நர்சிங் மாணவி, வார்டில் முதல் வாரம்.

"இதுக்கு முன்னாடி யாருக்காவது போட்டிருக்கியா?"

"ஆரஞ்சுப் பழத்துக்கு."

"அது பிழைச்சுதா?"

சிரித்துக்கொண்டே வயிற்றில் போட்டாள். நன்றாகத்தான் போட்டாள். குத்திய ஊசிக்கு மூடி போடாமல் அப்படியே சுவரிலிருக்கும் சிவப்புப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். நர்சிங் பள்ளியில் ஒரே ஊசியை மூடி மூடி வைத்துப் பழத்தைக் குத்திய பழக்கத்தில் கை தானாக மூடியைத் தேடியது. ஊசி விலகி விரலில் ஏறியது. கையுறைக்குள் சிவப்பாய் ஒரு பொட்டு.

டெல்லா கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்துக் குழாய்க்கு ஓடிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"தோல் உரிஞ்சிரும். போய்ச் சொல்லு பொண்ணே."

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"சொன்னா முதல் வாரத்துலயே பேர் கெட்டுடும். உங்க ரத்தத்தையும் சோதிக்கணும். நீங்க தர மாட்டீங்கன்னு வார்டுக்கே தெரியும்."

"எனக்கென்ன நோய்?" என்று கத்த வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். துறைமுகத்தில் கால் நசுங்கிய வருஷம் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாருடையதென்று அவருக்கே தெரியாது.

அழைப்பு மணியை அழுத்தினார். மாணவிகளைக் கவனிக்கும் நர்சிங் ஆசிரியை புருயிட் வந்தார்.

"இவ குத்திக்கிட்டா. சொல்லத்தான் கிளம்பினா, நான்தான் வாயைக் குடுத்து நிறுத்தி வெச்சேன். இந்தாங்க கை. ரெண்டு குப்பிதான். எண்ணுவேன்."

புருயிட் டெல்லாவைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை டெல்லா இன்சுலினோடு வந்தாள்.

"வந்த முடிவெல்லாம் சுத்தம் சார். எனக்கு மட்டும் பின்னால இன்னொரு தடவை பாப்பாங்க."

"ஆரஞ்சுப் பழத்தைச் சோதிச்சாச்சா?"

ஊசி போட்டு முடித்ததும் அவள் கை தட்டில் எதையோ துழாவியது. ஹாகன் மூடிய முஷ்டியைத் தூக்கிக் காட்டினார்.

"மூடி இங்க இருக்கு. தர மாட்டேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு, சிவப்புப் பெட்டியை நோக்கி நடந்தாள்.