பந்தில் லாவெண்டர் வாசம்

துணி காயவைக்கும் டிரையர் ஒன்றை மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் வைப்பார்களாம். அப்பா நடந்துபோய் அதன் கதவைத் திறப்பாராம். உள்ளேயிருந்து பந்துகள் உருண்டு விழுமாம். அவர் ஒன்றை எடுத்து மோந்துபார்த்துவிட்டு, கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டுமாம்.

ஈரி ஸ்டோக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் விளம்பரப் பிரிவிலிருந்து வந்த ப்ரூக் என்ற பெண், சமையலறை மேசையில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி இதை விவரித்துக்கொண்டிருந்தாள். ஹெடி கைகளைக் கட்டிக்கொண்டு அடுப்பு ஓரமாக நின்றாள்.

"ஜனங்க உருகிப் போயிடுவாங்க சார். தொண்ணூறுகள்னாலே இப்ப எல்லாருக்கும் ஒரு ஏக்கம். அன்னிக்கு வர்ற அத்தனை பேருக்கும் லாவெண்டர் வாசத்தோட ஒரு குட்டித் துண்டு இலவசம்."

"துண்டா?" என்றாள் ஹெடி.

"ஆமாங்க. உங்கப்பா முகம் போட்டு. கார்ட்டூன்தான். அவ்வளவு அழகா வந்திருக்கு!"

"எங்கப்பாவை வேலையை விட்டுத் துரத்தினீங்க. இப்ப அவர் மூஞ்சியில முகம் துடைக்கப் போறீங்க."

ப்ரூக்குக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாவம், அவள் பிறக்கும் முன்பே நடந்த கதை. விழித்தாள். அப்பா ப்ரோனெக்தான் அவளைக் காப்பாற்றினார். "இவ வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கிறா, வாய் அப்படித்தான். நீ சாப்பிடும்மா." பெப்பரோனி உருண்டைகள் இருந்த தட்டை அவள் பக்கம் தள்ளினார். "எந்த ஞாயித்துக்கிழமை சொன்னே?"

அந்தக் கேள்வியிலேயே ஹெடிக்குத் தெரிந்துவிட்டது. அவர் போகப்போகிறார்.

ப்ரோனெக் வோய்டாஸ் ஒருகாலத்தில் ஸ்டோக்கர்ஸ் அணியின் சாமான் அறைக்குப் பொறுப்பாளர். ஹெல்மெட், தோள்கவசம், துண்டு, பந்து எல்லாம் அவர் கைப்பட்டுத்தான் மைதானத்துக்குப் போகும். சனிக்கிழமைகளில் சின்ன ஹெடிக்கு அந்த அறைதான் வீடு. நீராவி, ஈரத்தோல், டேப் பசை, ஏரியிலிருந்து வரும் குளிர்காற்று எல்லாம் கலந்து அந்த அறைக்கென்று ஒரு வாசம் உண்டு. சாமான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து காலுறைகளுக்கு ஜோடி சேர்ப்பது அவள் வேலை. கதவு கொள்ளாத ஆட்களெல்லாம் குனிந்து உள்ளே வந்து அவளிடம் பவ்யமாக நிற்பார்கள்.

"மொதலாளியம்மா, என் சாக்ஸ்ல ஒண்ணைக் காணோம்."

"நேத்து ரெண்டும் குடுத்தேனே."

"ஒரு கால்தான் நல்லா ஓடுதுன்னு கோச் திட்டினாரு. அதான் இன்னொண்ணைத் தூக்கிப் போட்டுட்டேன்."

அறையே அதிரச் சிரிப்பார்கள். அதில் உரக்கச் சிரிப்பவன் லானி கேஸ்கில். அணியின் கிக்கர். ஆட்டம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து ஆட்டத்தைத் தொடங்கவும், கம்பங்களுக்கு நடுவே உதைக்கவும் மட்டும் எழுந்து போகிறவன். ஹெடியைத் தோளில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடுவான். பெரியவளானதும் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தக் காலத்தில் பந்துகளை அணிகளே பதப்படுத்தித் தரும். புதுப்பந்து மெழுகு பூசியதுபோல் வழுக்கும், கல்லாட்டம் இருக்கும். ப்ரோனெக் ஈரத்துணியால் துடைத்து, குதிரைமயிர் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி துடைத்து, மறுபடி தேய்த்து அதை மசியவைப்பார். விதி அனுமதித்தது அவ்வளவுதான். அதற்குமேல் கிக்கர்கள் ஆளுக்கொரு திருட்டு வேலை செய்வார்கள். ஒருவன் பாலில் ஊறவைப்பான், ஒருவன் கார் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவான். சூட்டில் தோல் தளர்ந்தால் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்று லானி கண்டுபிடித்தான். அறையின் மூலையில் இருந்த பழைய டிரையரில் அவன் தன் ஜெர்சியை மட்டும் தனியாகக் காயவைத்துக்கொள்வான். ஜெர்சி பட்டு உடம்பு அரிக்கிறது என்று, துணியை மிருதுவாக்கும் லாவெண்டர் வாசனைத் தாளை வீட்டிலிருந்து கொண்டுவந்து கூடப் போடுவான். ஒருநாள் அதே டிரையரில் பந்துகளையும் போட்டான், யாருக்கும் தெரியாமல். தாளை எடுக்க மறந்துவிட்டான். முட்டாள்.

அரையிறுதி ஆட்டம் அது. அவன் உதைத்த பந்தைப் பிடித்த எதிரணிக்காரன், அதைக் கட்டிக்கொண்டு முகங்குப்புற விழுந்தான். எழுந்ததும் நேரே நடுவரிடம் ஓடினான். "ஐயா, இதுல எங்கம்மா துவைச்ச துணி வாசம் அடிக்குது!"

மறுநாள் பத்திரிகைத் தலைப்பு: 'துவைத்து எடுத்த வெற்றி'.

லீக் விசாரணைக்கு வந்தது. தலைமைப் பயிற்சியாளர் ப்ரோனெக்கின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "ப்ரான், நீதான்னு சொல்லிடு. லானி போயிட்டா இறுதி ஆட்டத்துல எவன் உதைப்பான், நானா? ஒரு சீசன் வீட்டுல இரு. நானே வந்து கூட்டிட்டு வரேன்." ப்ரோனெக் சொன்னார். அவர்மேல் தடை விழுந்தது. லானி இறுதி ஆட்டத்தில் உதைத்தான், ஜெயித்தார்கள். பஸ் ஓட்டியவருக்குக்கூட வெற்றி மோதிரம் கிடைத்தது. பயிற்சியாளர் வேறு ஊருக்குப் போனார், அங்கேயே செத்தும் போனார். ப்ரோனெக் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடி வார்க்கப் போனார்.

பள்ளியில் ஹெடி நடந்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். வேலைநீக்க வழக்குகள் பார்க்கும் அலுவலகத்தில்தான் சேர்ந்தாள். தினமும் இதே கதை அவள் மேசைக்கு வரும், வேறு வேறு பெயர்களில். தோளில் கைபோடுகிற முதலாளிகளைப் பற்றி அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ப்ரூக் போனதும் வெடித்தாள்.

"கோமாளி வேஷம் கட்டப் போறியா?"

"அந்த ரூமை ஒருதடவை பாக்கணும்டி."

"டிக்கெட் வாங்கித் தரேன், போய்ப் பாரு."

"டிக்கெட் வாங்கினவனை அந்த வராந்தாவுல விடமாட்டான்."

"சரி, போ. போய் லானிதான் செஞ்சான்னு சொல்லு. நான் பேப்பர்காரங்களைக் கூட்டிட்டு வரேன்."

"நான்தான்னு அன்னிக்கு என் வாயாலதான் சொன்னேன். இப்ப இல்லேன்னா, ரெண்டுல எதுய்யா பொய்னு கேப்பான். என்ன சொல்லச் சொல்றே?"

ஹெடிக்குக் கோபம் இன்னும் கிளர்ந்தது. ஆனால் பழைய ஸ்டோக்கர்ஸ் கோட்டை அவர் அலமாரியிலிருந்து எடுத்து உதறியபோது, அந்தத் தோல் வாசம் அவளையும் ஒரு கணம் பெட்டிமேல் கொண்டுபோய் உட்காரவைத்தது. அதற்காகவும் அவள் ஆத்திரப்பட்டாள்.

ஞாயிறு மதியம். ஏரிக் காற்றில் பனி சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அரங்கச் சுவரில் அன்று லானியின் பெயரைப் பொறிக்கிறார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்குத்தான் டிரையர். முதல் பாதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வராந்தாவில் லானி எதிரே வந்தான். தொப்பை, வழுக்கை, இடுப்பு அறுவை செய்த நடை. விரலில் மோதிரம்.

"டேய் ப்ரான்! உயிரோடதான் இருக்கியா?"

"உன்னை அனுப்பிவச்சுட்டுத்தான் போறதா இருக்கேன்."

இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து ஹெடி எத்தனையோ வருடமாகப் பார்த்ததில்லை. லானி அவள் பக்கம் திரும்பினான். "அடடா, மொதலாளியம்மா!"

அந்தக் குரல் மாறவே இல்லை. அவள் உதடு தன்னால் விரியப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"லானி, இன்னிக்கு மைக் உன் கையிலதான் இருக்கும். செஞ்சது யாருன்னு சொல்லுவியா?"

"அது இப்ப யாருக்கும்மா வேணும்? எல்லாரும் ஜாலியா சிரிக்கப் போறாங்க. உங்கப்பான்னா இந்த ஊருக்கே உசுரு."

"செய்யாத வேலைக்கு."

"அன்னிக்கு நான் மாட்டியிருந்தா ஒருத்தனுக்கும் மோதிரம் கிடைச்சிருக்காது."

"அவருக்குக் கிடைக்கலையே."

லானி கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். ப்ரோனெக் அவள் முழங்கையைப் பிடித்தார். "விடுடி. வா, ரூமைப் பாக்கலாம்."

அறை மாறிப்போயிருந்தது. புது விளக்கு, புது அலமாரி, சுவர் முழுக்கத் திரைகள். ப்ரோனெக் வாசலிலேயே தயங்கி நின்றார். ஆனால் நடுமேசையில் ஈரத்துணியும் பிரஷ்ஷும் கிடந்தன. இப்போதைய பொறுப்பாளர் டெஷான் ஒரு பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆட்டப் பந்துகள் இப்போது நடுவர்கள் வசம். இவை கிக்கர்கள் ஓரத்தில் வலைக்குள் உதைத்துப் பழகுகிறவை.

"பிரஷ் நைலானா?" என்று கேட்டார் ப்ரோனெக்.

"நைலானா! என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" டெஷான் நிமிர்ந்தார். "நீங்க... டிரையர்காரர்தானே?"

ஹெடி ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"வாங்க சார், உக்காருங்க. இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த லாவெண்டர் தாளை உங்க டிரையர்ல எவன் போட்டான்?"

ப்ரோனெக் ஒரு நாற்காலியை மேசையருகே இழுத்தார்.

"இல்ல, நம்ம ஆளு எவனாவது அதை ரூமுக்குள்ள விடுவானா? அதோட காய்ஞ்ச துண்டு ஒரு சொட்டுத் தண்ணியை உறியாது. மழையில ஆடறவன் அதை வச்சு என்ன பண்ணுவான், முக்காடா போடுவான்? எங்கிட்ட வேலை பாக்கிற பசங்ககிட்ட எப்பவும் சொல்லுவேன், அந்த ஆள் அதைச் செஞ்சிருக்க மாட்டார்டான்னு. எவனோ ஒரு ஆட்டக்காரப் பயதான். சரியா?"

ப்ரோனெக் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். ஹெடி எத்தனையோ இரவுகள் மனதுக்குள் வாதாடிய வழக்கு. தீர்ப்பு வந்துவிட்டது, ஒரு சாமான் அறையில், கையில் பிரஷ் பிடித்த ஒருவரிடமிருந்து.

இடைவேளை விசில் கேட்டது. ப்ரூக் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார், வாங்க வாங்க! டிரையர் உள்ள போயிடுச்சு."

"நான் வரலைம்மா."

"சார்?"

"அந்த மெஷின்ல பந்தைப் போட்டது நான் இல்லை. எடுக்கிறதுக்கு மட்டும் நான் எதுக்கு? போட்டவன் அங்கதான நிக்கிறான், அவனையே எடுக்கச் சொல்லு."

"போட்டவன்னா... லானி சாரா?" அவள் ஹெடியைப் பார்த்தாள். ஹெடி தலையை ஆட்டினாள். ப்ரூக்கின் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதேதோ வந்துபோயின. பிறகு தலைதெறிக்க ஓடினாள்.

ஹெடி வராந்தா முனைக்குப் போய் நின்றாள். பனிக்கு நடுவே அந்த வெள்ளை டிரையர், பக்கத்தில் லானி. ஒலிபெருக்கி அப்பாவின் பெயரை முழங்கியது. அரங்கமே எழுந்து கைதட்டியது. யாரும் வரவில்லை. மறுபடி முழங்கியது. கைதட்டல் தேய்ந்தது. லானி வராந்தாப் பக்கம் திரும்பினான். அவளைப் பார்த்தான். அவள் அசையவில்லை.

வேறு வழி இல்லாமல் அவனே போய்க் கதவைத் திறந்தான். பந்துகள் உருண்டன. சிரிப்பு அலை எழுந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்தான். மோந்துபார்க்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"ப்ரான் வரமாட்டான்" என்றான். "இது அவன் வேலை இல்லை. என் வேலை. அன்னிக்கும் என் வேலைதான்."

அத்தனை பேரும் அதைப் பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பைத்தியக்காரக் கூட்டம். ஒவ்வொருவன் சட்டையையும் பிடித்து உலுக்க வேண்டும்போல ஹெடிக்கு இருந்தது. லானி மட்டும் சிரிக்கவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு ஓயட்டும் என்று நின்றான். அது ஓயவே இல்லை.

அவள் அறைக்குத் திரும்பியபோது அப்பா கோட்டைக் கழற்றிவிட்டு, கைமடக்கை ஏற்றிக்கொண்டு ஒரு பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டான்" என்றாள்.

"என்னன்னு?"

"அவன் வேலைதான்னு."

"ஜனங்க?"

"சிரிச்சாங்க. ஒருத்தனும் நம்பலை."

ப்ரோனெக் பந்தைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தார். கை பழையபடி ஓடியது. "லானி எப்படி நின்னான்?"

"கெட்டியாத்தான் நின்னான்."

"பனியில ரொம்ப நேரம் நின்னா அவனுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார். அந்தக் கரிசனம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. அவர் கண்டுகொள்ளவும் இல்லை.

டெஷான் பந்துகளைப் பைக்குள் போட்டு வாரை இழுத்தார். பெரிய பை, இரண்டு பக்கமும் கைப்பிடி. ப்ரோனெக் கேட்காமலேயே எழுந்து ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"கனமா இருக்கும் சார்."

"எனக்குத் தெரியாதா?"

இருவருமாகப் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார்கள். ஹெடி அவர் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். எதிரே வந்த ஆட்டக்காரர்கள் பைக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவரை யாரும் நின்று பார்க்கவில்லை. முனைக்கு வந்ததும் பனி முகத்தில் அடித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, நடையைக் குறைக்காமல், மைதானத்துக்குள் இறங்கி, கிக்கர்களின் வலையை நோக்கிப் போனார்.