காதுக்குள் எட்டுக் கால்

மாட்டின் விலாவில் காதை அழுத்திச் சாய்ந்துகொண்டுதான் ரோசலின் பால் கறப்பாள். சாயாவிட்டால் அந்த மாடு உதைக்கும். அப்படி ஒரு காலையில் அவளுடைய இடது காதுக்குள் ஏதோ ஊர்ந்து போனது.

"எறும்பா இருக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார் அனிற்றா. "ஒருக்களிச்சுப் படுங்க. எண்ணெய ஊத்துனா மெதந்து வந்துரும்."

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி ஊற்றினார்கள். எதுவும் மிதந்து வரவில்லை. குறுகுறுப்பு மட்டும் அடங்கியது.

"செத்துருச்சு. காதுக்குள்ளயே அடக்கமும் பண்ணியாச்சு. ஜெபஞ் சொல்லப் பாதரத்தான் கூப்பிடல," என்று அனிற்றா சிரித்தாள்.

ரோசலின் வழக்கம்போலத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனாள். காது வலித்தது, பொறுத்துக்கொண்டாள். சில நாள் கழித்துத் தேநீர் வாயோரமாக வழிந்தது. இடது கண் மூட மறுத்தது. கைக்குழந்தை டிலானியைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா சிரித்தால் உடனே சிரிக்கிற பிள்ளை, அன்று அவள் வாயையே உற்றுப் பார்த்தது.

பலாங்கொடை ஆஸ்பத்திரியில் டொக்டர் மைமூனா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் எதையோ பிடுங்கிப் பஞ்சில் வைத்தார். மிளகைவிடச் சிறியது. அதன் கால்கள் இன்னும் அசைந்தன.

"எறும்புன்னு நெனச்சு எண்ணெய் ஊத்துனோம், டொக்டர்."

"இது மாட்டு உண்ணி. பூச்சியே இல்ல. பூச்சிக்குத் தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் வேறவேறயா இருக்கும், ஆறு கால். இதைப் பாருங்க, உடம்பு ஒரே பை, எட்டுக் கால். சிலந்தி சாதி. எறும்பு காதுக்குள்ள போனா வெளிய வரத்தான் துடிக்கும். இது கடிச்சுப் பிடிச்சுக்கும். மூச்சு விடுறதே எப்பயாச்சும்தான். எண்ணெய்க்கு லேசுல சாகாது. இது கடிச்சதுலதான் மொக நரம்பு வேலை செய்யாமப் போயி, வாய் ஒரு பக்கமாத் தொங்கிருச்சு."

ரோசலின் கால்களை எண்ணிப் பார்த்தாள். எட்டுத்தான்.

"மொகம் பழையபடி வருமா?"

"அநேகமா வரும். கொஞ்ச நாள் எடுக்கும். ஆனா நிச்சயமாச் சொல்ல ஏலாது."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூட முடியாத கண்ணில் மட்டும் நீர் வடிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் அனிற்றா பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். ரோசலின் மறுபடியும் சிரித்துப் பார்த்தாள். டிலானி எட்டி, தொங்கிய வாயோரத்தில் விரலை வைத்து மேலே தள்ளியது. விரல் பட்டது ரோசலினுக்குத் தெரிந்தது. எடுத்ததும் உதடு மீண்டும் கீழே இறங்கியது. பிள்ளை திரும்பவும் தள்ளியது.