புன்கவி, பெயர்ச்சொல்

தெருவில் அவளுக்கு ‘அகராதிக்காரி’ என்றே பெயர். பன்னிரண்டு வருடமாக அகராதி அலுவலகத்தில் சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவள். எந்தச் சொல்லிலும் அவள் பேனா நின்றதில்லை. இரண்டாம் பதிப்பின் மெய்ப்பைத் திருத்தும்போது ‘புன்கவி’யில் நின்றது.

‘புன்மை என்பதிலிருந்து வந்தது. தரமற்ற பாட்டு, அதை எழுதுபவர்.’ இதுவரை குற்றமில்லை. கீழே எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘பணி ஓய்வு விழாக்களுக்கெல்லாம் வாழ்த்துப்பா எழுதிக்கொண்டு திரிந்த புன்கவி அவர்.’

முதல் பதிப்புக்கு அதை எழுதியவள் சாட்சாத் அவளேதான். ஒரு நாளைக்கு நாற்பது சொல் முடிக்க வேண்டிய அவசரம். கைக்கு வந்ததை எழுதினாள். கைக்கு வந்தவர் அப்பா. பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த மனிதர். டிரைவரோ கண்டக்டரோ ஓய்வு பெற்றால் போதும், எதுகை மோனையோடு எட்டு வரி எழுதி, சட்டம் போட்டு நீட்டிவிடுவார். கேட்டாலும் கொடுப்பார், கேட்காவிட்டாலும் கொடுப்பார். இருக்கட்டுமே, பெற்ற மகளுக்கு உதாரணம் காட்ட ஊரில் வேறு ஆளா இல்லை?

அச்சாகி வந்த முதல் பிரதியை அவரிடம்தான் கொடுத்தாள். அகரத்தில் தொடங்கி ஒரு சொல் விடாமல் படித்தார். அந்த வருடத்தோடு பாட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டார். வயதாகிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள், அவளும்தான். இப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறாள்.

சாயங்காலம் அப்பாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும்.

“அப்பா, புன்கவின்னு ஒரு வார்த்தை…”

“படிச்சேம்மா.”

“புன்னகையில வர்ற அதே ‘புன்’தாம்பா அது. சின்னதுன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

“புன்செய்லயும் அதே ‘புன்’தான்,” என்றார் அப்பா. “தண்ணி நிக்காத நிலம்.”

இந்த மனிதருக்கா சொல்லின் வேர் தெரியாது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“புத்தி கெட்டுப்போய் எழுதிட்டேம்பா. நாளைக்குத்தான் அச்சுக்குப் போகுது. அந்த வரிய அடிச்சுடறேன்.”

“வேண்டாம்.”

“ஏம்பா, கோவமா?”

அவர் தலையசைத்து மறுத்தார். மூச்சு நிதானப்பட வெகுநேரம் ஆயிற்று.

“நாப்பது வருஷம் எழுதினேன். ஒரு பத்திரிகையும் போடல. என்னப் பத்தி அச்சுல வந்தது அந்த ஒரு வரிதாம்மா. அதையும் அடிச்சுட்டா நான் எங்க இருப்பேன்?”