பாம்புக்காது

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். முன்பின் தெரியாதவர்களின் தொலைபேசிப் பேச்சை ஹெட்போனில் கேட்டு, கோபமா, பயமா, சோகமா, சந்தோஷமா, சாதாரணமா என்று ஐந்து பொத்தான்களில் ஒன்றை அழுத்துவதுதான் அங்கே வேலை. இப்படி மனிதர்கள் போட்ட குறிகளை வைத்து, குரலுக்குள் இருக்கும் மனசைப் படிக்க ஒரு இயந்திரம் கற்றுக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் ஒரு பேச்சுத் துண்டை நாலு தடவை கேட்டுவிட்டுத் தலையைச் சொறிவார்கள். இவளுக்கு ஒரே தடவை போதும். கண்ணை மூடிக் கேட்பாள், ஒரு தட்டு, அடுத்தது. இயந்திரம் படித்ததில் பெரும்பங்கு இவள் போட்ட குறிகள் என்பதால் அதை எல்லோரும் ‘பாம்புக்காதோட தங்கச்சி’ என்றே கூப்பிட்டார்கள். இவளுக்கும் உள்ளூரப் பெருமைதான், ஏன் இருக்காது?

வேலையில் ஒரு விதி உண்டு. சந்தேகம் வந்தால் சாதாரணம் என்று போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் நின்று நிதானித்தால் வேலை ஓடாதே. அந்த விதியை அவளைப் போலக் கடைப்பிடித்தவர்கள் யாருமில்லை.

அவளுடைய அக்கா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு மாலையில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். அன்று மதியம்தான் தங்கைக்குப் போன் செய்திருந்தாள்.

அதிலிருந்து அம்மா வாரம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பாள். சாப்பிட உட்காரும்போது, துணி மடிக்கும்போது, எதிர்பார்க்காத நேரத்தில் வந்து விழும்.

“அன்னிக்கு அவ குரல் எப்படிடி இருந்துச்சு?”

“எப்பவும் போலத்தான்மா. நல்லாத்தான் இருந்துச்சு.”

அம்மா தலையை ஆட்டிக்கொள்வாள். அடுத்த வாரம் மறுபடியும் கேட்பாள்.

அந்தப் பேச்சு இவளுடைய போனில் பதிவாகி இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. இவளும் அதைத் திரும்பக் கேட்டதில்லை. விரல் பக்கத்தில் போகும், சுட்டதுபோல் திரும்பி வந்துவிடும். ஆனால் கேட்காமல் விட்டால் அக்கா விடுகிறாளா என்ன? யாரோ ஒருத்தி ஹெட்போனில் தொண்டையைச் செருமுவாள், அக்காவாக இருக்கும். எவளோ ஒருத்தி “சரி, வெச்சிடறேன்” என்பாள், இவளுக்குப் பிடரி சில்லிட்டுப்போகும். திரும்பிப் பார்ப்பாள். வரிசையாக மேஜைகளும், குனிந்த தலைகளும்தான் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஆய்வாளர் அந்தச் செய்தியைச் சொன்னார். யாருமில்லை என்று தவிப்பவர்கள் கூப்பிடும் உதவி எண் ஒன்றுக்கு அடுத்த மாதம் இயந்திரம் போகப்போகிறது. வருகிற குரலை முதலில் அதுதான் கேட்கும். சோகம், பயம் என்று அது சொன்னால் உடனே ஒரு ஆள் பேசுவார். சாதாரணம் என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். எல்லோரும் கை தட்டினார்கள், இவளும் தட்டினாள்.

அன்று சாயங்காலம் அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். அக்காவின் பேச்சில் தன் குரலை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த பதினொரு நொடிக்கு ஒரு எண்ணைக் கொடுத்து, மற்றத் துண்டுகளோடு கலந்துவிட்டாள். எந்தத் துண்டையும் இரண்டு மனிதர்களும் இயந்திரமும் கேட்பார்கள். அன்று எனக்குக் கேட்காதது அவர்களுக்காவது கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் என்மேல் குற்றமில்லை. இதற்காகத்தான் ஏழு மாதமாக அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முடிவு வந்தது. இயந்திரம்: சாதாரணம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு உறுதி.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அடுத்த இரண்டு வரிகளைப் பார்த்தாள். பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரர்: சோகம். போன மாதம் சேர்ந்த புதுப்பெண்: சோகம். புதுப்பெண் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தாள். ‘இவங்களுக்கு யாராவது திரும்பப் போன் பண்ணாங்களா?’

எழுந்து ஆய்வாளரிடம் போனாள். “ரெண்டு பேர் சோகம்னு போட்டிருக்காங்க சார். இது மட்டும் ஏன் மாத்திச் சொல்லுது?”

அவர் எண்ணைத் தட்டி, திரையில் எழுத்தாக வந்த பேச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உங்க தங்கச்சிதானேம்மா! உங்க காதாலதான் கேக்கும். இதுமாதிரி ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்ற துண்டு ஆயிரத்துச் சொச்சம் இருக்கு. முக்காவாசி நீங்க கேட்டது. எல்லாத்துக்கும் சாதாரணம்னு போட்டிருக்கீங்க.” பாராட்டாகத்தான் சொன்னார், பாவம்.

வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் கேட்கும்வரை இவள் காத்திருக்கவில்லை. போனை எடுத்து, அக்காவின் பதிவை ஓடவிட்டு நடுவில் வைத்தாள்.

முதலில் ஒரு மூச்சு. வார்த்தை வருவதற்கு முன்பே அம்மாவின் கை நின்றுவிட்டது.

“என்னடி பண்றே?... ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்... சாப்பிட்டியா?... சரி, வேலையப் பாரு. வெச்சிடறேன்.”

“அழுதிருக்கா,” என்றாள் அம்மா. “அழுதுட்டு, மூஞ்சிய கழுவிட்டு வந்து பேசறா.”

“உனக்குப் போன் போடாம எனக்கு ஏம்மா போட்டா?”

“எனக்குப் போட்டா கண்டுபிடிச்சிடுவேனேடி.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அம்மாவுக்கு உறைத்தது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். உன்மேல் உயிரையே வைத்திருந்தாள், கடைசியாக உன் குரலைக் கேட்க ஆசைப்பட்டிருப்பாள் என்று என்னென்னவோ சொன்னாள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியுமா?

மறுநாள் காலையில் ஆய்வாளர் அறைக்குள் நுழைந்ததும் சொன்னாள். “தங்கச்சிய அனுப்பாதீங்க சார். நான் போட்ட குறி எல்லாத்தையும் எடுத்துட்டு முதல்லேர்ந்து சொல்லிக்குடுங்க.”

“விளையாடறீங்களா? ஒரு வருஷ உழைப்பும்மா! மேல கேட்டா என்ன காரணம்னு சொல்றது?”

அவள் ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். பதினொரு நொடி. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப்போனது.

“இது யாரும்மா?” என்றார். “இப்ப எப்படி இருக்காங்க?”

“எங்க அக்கா. இல்ல இப்ப. அன்னிக்கு அவ பேசினது என்கிட்டதான்.” குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். “நானும் சாதாரணம்னு நெனச்சுட்டு, வேலை இருக்குன்னு விட்டுட்டேன். காரணம்னு இதையே எழுதிக்கங்க சார்.”