தூணுக்குள் கேட்ட சத்தம்

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது, ஊசி உடைந்துவிட்டதோ என்றுதான் தையல்காரி மெஷினை நிறுத்திப் பார்த்தாள். ஊசி முழுசாக இருந்தது. மறுபடியும் 'டக்' என்று விரல் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். அறை மூலையில் நின்ற தூணுக்குள்ளிருந்து வந்தது.

வேறு யாராவது இருந்தால் எழுந்துபோய்த் தூணைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். அவள் மெஷினைவிட்டு எழவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சுவர்களுக்குள் ஆட்கள் பேசுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதற்காக நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள்.

உட்கார்ந்து யோசித்தாள். அந்தக் குரல்கள் அவளைக் கூப்பிட்டன, ஏசின, அழச் சொன்னன. இது அவளைச் சட்டை செய்யவே இல்லை. அவள் காதைப் பொத்தினால் நின்றது, எடுத்தால் கேட்டது. போன வாரம்தான் கட்டடத்தின் சொந்தக்காரரான வீட்டுக்காரர், பக்கத்து அறையைக் கடைக்கு வாடகைக்கு விடவேண்டும் என்று அதன் குறுக்குச்சுவரை இடித்திருந்தார். தூணில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அது முடிகிற இடத்தில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். மறுநாள் விரிசல் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது.

பஸ் கண்டக்டரான அவள் கணவன் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். "என்னங்க, தூணுக்குள்ள ஏதோ உடையுது."

அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன். வேணும்னா எண்ணிப் பாருங்க."

உண்மையிலேயே போய் எண்ணினான். சரியாக இருந்தது. அவன் முகம் இன்னும் வெளிறிப் போனது. "அப்போ மருந்து வேலை செய்யலையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மனசு கேட்காமல் வீட்டுக்காரரையும் கூட்டி வந்தான், அதையும் சொல்ல வேண்டும். அவர் தூணில் காதை வைத்து அரை நிமிஷம் நின்றார். பாழாய்ப்போன தூண் அப்போது பார்த்து வாயைத் திறக்கவில்லை.

"பூச்சு விரிஞ்சிருக்கும்மா, அவ்வளவுதான்."

"விரிசல் வளருது சார். இதோ, நான் குறி வச்சிருக்கேன்."

"குறி வச்சது யாரு? நீதானே?" என்று சிரித்தவர், அவள் தலைக்கு மேலாகக் கணவனைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் பாத்துக்கங்க. போன தடவை மாதிரி தெருவே கூடிடப் போகுது."

நடு மாடியில் கைக்குழந்தையோடு இருந்தவளைத் தையல்காரி கெஞ்சிக் கூப்பிட்டாள். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே அக்கா," என்று சொல்லிக் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

தையல்காரிக்கு இப்போது இரண்டு பயம். கட்டடம் விழுந்துவிடுமோ என்பது ஒன்று. விழாமலே நின்றுவிட்டால் எல்லாம் தன் தலைக்குள்தான் என்று ஆகிவிடுமே என்பது இன்னொன்று. எது பெரிய பயம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கணவன் லீவு போட்டுவிட்டான். ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தான். "சும்மா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்மா," என்று அவன் சொல்லும்போதே தூண் நீளமாக முனகியது. சாக்பீஸ் கோடு இருந்த இடத்திலிருந்து ஒரு கைப்பிடி சிமென்ட் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கேட்டுச்சா?"

"பதறாதே. உக்காரு," என்றான் அவன், அலமாரிக்குள் தலையை விட்டபடி.

அவள் வாசலுக்கு வந்தாள். மேல்மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். நடு மாடியில் குழந்தையும், அதன் தாயும், வேலைக்குப் போகாமல் தூங்கிக்கொண்டிருந்த அந்தத் தாயின் தம்பியும். ஓடிப்போய்ச் சொன்னால் ஒருத்தரும் அசையப் போவதில்லை. அவள் சொல்லுக்குத்தான் விலை கிடையாதே. ஆனால் அவளைக் கண்டு பயப்படுவார்கள்.

படியேறினாள். திறந்த கதவுக்குள்ளே பாயில் கிடந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியபடி தெருவுக்கு ஓடினாள்.

"ஐயோ, பைத்தியம் என் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுது!"

அந்த அலறலில் கட்டடமே இறங்கி வந்தது. தம்பி லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான், வீட்டுக்காரர் செருப்பில்லாமல், அவர் மனைவி கரண்டியோடு, கணவன் ஃபைலோடு. தெருமுனையில் பிடித்தார்கள். தாய் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கன்னத்தில் அறைந்தாள். கணவன் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் பிடித்து அழுதான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறாவது முகம் வந்ததும் அப்படியே தெருவில் உட்கார்ந்தாள்.

கட்டடம் இன்னும் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அந்தச் சில நிமிஷங்களில் பயந்ததுபோல வாழ்க்கையில் அவள் எப்போதும் பயந்ததில்லை. பிறகு கீழ் அறை உள்ளே மடங்க, மேலிரண்டும் அதன்மேல் உட்கார்ந்தன. தெரு முழுக்க வெள்ளைப் புழுதி.

நாலு நாள் கழித்து, பள்ளிக்கூட அறை ஒன்றில் விசாரணை நடந்தது. அதிகாரி கணவனிடம் எல்லாம் கேட்டு எழுதி, அவளிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அவள் படித்தாள். 'மனநிலை பாதிக்கப்பட்ட பெண் குழந்தையைத் தூக்கிச் சென்றதால், குடியிருந்தோர் தற்செயலாக வெளியே வந்தனர்.'

"தற்செயல் இல்ல சார். எனக்குத் தெரியும்."

அதிகாரி கணவனைப் பார்த்தார். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு நாளா சொன்னா சார். நாங்க யாரும் காதுல போட்டுக்கல."

"சரி, அதையும் சேத்துடறேன்." எழுதினார். '…அப்பெண்ணுக்கு முன்கூட்டியே தெரியும் எனக் கணவர் கூறுகிறார்.'

அவள் பேனாவை மேஜைமேல் வைத்தாள். இன்னும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் ஆஸ்பத்திரி வண்டியை வரவழைத்து அனுப்பிவிடுவாரோ?

"நான் கூறுகிறேன்னு எழுதுங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"இல்ல சார்."

அதிகாரி சலிப்போடு அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் புதிதாக ஒரு தாளை எடுத்தார்.

"சரி, சொல்லுங்க. மொதல்ல என்ன கேட்டுச்சு?"