பேரை வெட்டிய பாட்டு

பாஞ்சாலை அண்ணாமலையாரைத் திட்டுவாள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குளித்து, விபூதி இட்டு, சண்டைக்குப் போகிறவள் மாதிரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மலையைச் சுற்றக் கிளம்புவாள். கையில் தேங்காய் இருக்காது, கற்பூரம் இருக்காது. செங்கம் ரோட்டில் கால் வைத்ததும் ஆரம்பிப்பாள். திட்டு பாட்டாகத்தான் வரும்.

அவளுடைய ஒரே மகன் காசி, எண்பத்து மூணாம் வருஷம் மூளைக் காய்ச்சலில் செத்தான். காய்ச்சல் உச்சிக்கு ஏறிய அன்று அவனைப் புருஷனிடம் விட்டுவிட்டு, ஈரப் புடவையோடு கோயிலுக்கு ஓடினாள். மகன் பிழைக்க அங்கப்பிரதட்சணம் செய்வதாக வேண்டியிருந்தாள். பிரகாரக் கல்லில் உருண்டு முடித்து, முழங்கை தோலுரிந்து எழுந்தபோது கொழுந்தன் எதிரில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். புண்ணியம் செய்த பிள்ளை என்றார்கள். சாமிக்குப் பிடித்துப் போய்விட்டது என்றார்கள். அவள் உருண்டதால்தான் பையன் சிரமப்படாமல் போனான் என்று சொன்னவன் அவள் புருஷன் இருசப்பன். அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பிள்ளை போன பிறகு கழுத்தில் உருத்திராட்சம் போட்டுக்கொண்டான், வாய் ஓயாமல் நமசிவாய சொன்னான். வீட்டில் பையன் பேரை யாரும் எடுக்கக்கூடாது என்றான். பேரைச் சொன்னால் போகிற உயிர் திரும்பிப் பார்க்குமாம், போக முடியாமல் தவிக்குமாம். போட்டோ கூட எடுத்து வைக்காத பிள்ளை. பேரும் போய்விட்டால் அப்படி ஒருவன் இருந்ததற்கு என்ன அடையாளம்?

அதனால் அவள் ரோட்டில் சொன்னாள்.

*மலமலயா நெய் குடிச்ச, மனசு குளிரலயா?*
*எம் மடியில ஒண்ணே ஒண்ணு, அதுவும் வேணுமாய்யா?*
*காசீ...*

முதல் தடவை பாடியபோது பேருக்கு முன்னால் தொண்டை அடைத்து ஒரு விக்கல் வந்தது. அடுத்த வாரமும் அதே இடத்தில் வந்தது. அப்புறம் அது பாட்டோடு ஒட்டிக்கொண்டது.

மெல்ல மெல்ல நாலு பெண்கள் கூட நடக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பத்துப் பேர். வேங்கிக்காலிலிருந்து வந்த ஓர் அம்மாள், சாமியை இப்படியெல்லாம் பேசலாமா என்று கேட்டாள்.

"இல்லாதவன எவளாச்சும் திட்டுவாளா? இருக்கான்னுதான் திட்டறேன்" என்றாள் பாஞ்சாலை.

பஸ் நிலையத்துப் பக்கம் ராஜமாணிக்கம் கேசட் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் சுவரெல்லாம் தென்னைநார் மெத்தையை அடித்து, சின்னதாக ஒரு ரெக்கார்டிங் கூடம் போட்டிருந்தான். கார்த்திகை தீபத்துக்கு ஒரு கேசட் கொண்டுவர வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவன் காதில் இந்தப் பாட்டு விழுந்தது. வீட்டுக்கே வந்து கேட்டான். தீபத்தன்று தேரடி முழுக்க, கடைக்குக் கடை இந்தப் பாட்டுதான் ஓடும் என்றான்.

பாஞ்சாலைக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. கடைக்குக் கடை, ஸ்பீக்கரில், காசி என்று ஊரே அதிரும். வீட்டுக்குள் வரக்கூடாத பேர் தெருவெல்லாம் கேட்கும். இருசப்பன் எந்தக் காதைப் பொத்துவான்? சரி என்றாள்.

ரெக்கார்டிங் அன்று காலையில் போனபோது கூடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி. வேலூரில் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்த கை, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். மைக்கில் சத்தம் விழக்கூடாது என்று வளையல் மேல் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். டோலக்கோடு அன்வர் பாஷா. கல்யாண பேண்டில் வாசிக்கிறவர். ஆர்மோனியத்துக்கு மூர்த்தி. சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் வேர்த்து வழிந்தது.

ராஜமாணிக்கம் நயமாகப் பேசினான். "உன் குரல் கரகரன்னு கீதுக்கா. ரோட்டுக்கு சரி, கேசட்டுல நிக்காது. இந்தப் பொண்ணு பாடட்டும். நீ மெட்ட மட்டும் சொல்லிக் குடு."

பாஞ்சாலைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் யார் வாயில் வந்தால் என்ன, பேர் வந்தால் போதும் என்று உட்கார்ந்தாள். மெட்டைச் சொன்னாள். கஸ்தூரி கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். ஓர் இடம் மட்டும் வரவில்லை.

"அக்கா, அந்த எடத்துல ஒரு விக்கல் மாதிரி போடறீங்களே, அத இன்னொரு வாட்டி செய்யுங்க."

பாஞ்சாலை பாடினாள். விக்கல் வந்தது. இன்னொரு தடவை கேட்டாள் கஸ்தூரி. வந்தது. மூர்த்தி ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, டோலக்கோடு மட்டும் ஒரு தடவை என்றான். அப்போதும் வந்தது, முடி அளவு பிசகாமல்.

அன்வர் பாஷா தலையை ஆட்டினார். "நம்ம பேண்டுல இருக்கறவனுங்களுக்கு இந்தத் தாளம் இருந்தா நான் ஏன்கா கிழவனாவறேன்? கரெக்டா வந்து உக்காருது."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். பாஞ்சாலைக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவை கூட அவள் பிள்ளையை நினைக்கவில்லை. கஸ்தூரியின் வளையலையும் அதைச் சுற்றியிருந்த துண்டையும் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறாள். கண் காய்ந்து கிடந்தது. விக்கல் மட்டும் வேலைக்காரன் மாதிரி நேரத்துக்கு வந்து நின்றது. பிள்ளையை எடுத்தான், அழுகையையும் எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு வித்தையை வைத்துவிட்டானே பாவி என்று மலையைத் திட்டினாள். அதைவிடத் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அதற்குள் கஸ்தூரி விக்கலைப் பிடித்துவிட்டாள். அழகாக, தேன் மாதிரி, ஒரு சின்ன கமகமாக அதைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லைப் பாடினாள்.

"ஈசா..."

பாஞ்சாலை எழுந்தாள். "இன்னா பாடின இப்ப?"

கஸ்தூரி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் அப்படித்தான் எழுதியிருந்தது. ராஜமாணிக்கம் பாஞ்சாலையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். குரலைத் தணித்துச் சொன்னான்.

"மனுசப் பேரு வந்தா அது ஒப்பாரிக்கா. சாவு இல்லாத வூட்ல ஒப்பாரி ஓடவுடுவானா எவனாச்சும்? ஈசான்னா பக்தி. அதான் மாத்தினேன். மெட்டு உன்னுதுதான, அப்புறம் இன்னா?"

"அது ஒப்பாரின்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

அவன் போகிற பஸ்ஸைப் பார்த்தான்.

மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டாள். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவளை வேலூரிலிருந்து வரவழைத்து, வாய் நிறைய ஒப்பாரி பாட வைத்திருக்கிறான். பாஞ்சாலை உள்ளே போனாள். சொல்லாமல் விடலாமா என்று ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"எம்மா, இது ஒப்பாரி. செத்துப் போன எம் புள்ளைக்குப் பாடனது. உனுக்கு சொல்லாம பாட வெக்கறாரு."

கஸ்தூரியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அப்புறம் ராஜமாணிக்கத்தை அவள் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. துண்டை அவிழ்த்து அவன் மேல் எறிந்தாள். செருப்பை மாட்டும்போது பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வயித்தெரிச்சல எம் மேல எறக்கி வெச்சிட்டீங்களேக்கா."

பாஞ்சாலை அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது பாதி, துரத்துவதற்காகச் சொன்னது பாதி. எந்தப் பாதி பெரியது என்று அவளுக்கே தெரியாது.

தீபம் நெருங்கிவிட்டது. வேறு பாடகியைத் தேட நேரமில்லை. ராஜமாணிக்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். கடைசியில், சரி, நீயே பாடித் தொலை, ஆனால் அந்தப் பேர் மட்டும் வேண்டாம் என்றான். பாஞ்சாலை மைக் முன்னால் போய் நின்றாள்.

பாடினாள். கரகரவென்றுதான் இருந்தது. முதல் சரணம் முடிந்து, விக்கல் வந்து, காசீ என்றாள். ராஜமாணிக்கம் கூடத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை அறுப்பது மாதிரி கையைக் காட்டினான். மூர்த்தி வாசிப்பதை நிறுத்தப் பார்த்தான். அன்வர் பாஷா கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே போனார். அதனால் பேர் வரும் இடங்களில் மட்டும் கையை எடுத்துவிட்டு மூர்த்தியும் கூடப் போக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சரணத்துக்கும் அவள் பேரைச் சொன்னாள். கடைசியில் கத்தினாள்.

"வெட்டிடுவேன்கா" என்றான் ராஜமாணிக்கம்.

"வெட்டிக்கோ. எடம் காலியா கெடக்கட்டும். யாரு இங்க இருந்ததுன்னு கேக்கறவங்க கேப்பாங்க."

குரல் தனி, வாத்தியம் தனி என்று டேப்பில் இரண்டு தடம். குரல் தடத்தில் பேரை மட்டும் அழித்தான். விக்கல் நன்றாக இருக்கிறது என்று அதை விட்டுவைத்தான். எனவே கேசட்டில் விக்கல் வரும், அப்புறம் குரல் இருக்காது, டோலக் மட்டும் தனியாக நடக்கும், அடுத்த சரணம் வரும்.

தீபத்துக்கு ராஜமாணிக்கம் சொன்னது நடந்தது. தேரடியில் பாத்திரக் கடை, வளையல் கடை, பொரிக் கடை, எங்கே திரும்பினாலும் அந்தப் பாட்டு. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு பாஞ்சாலை கேட்டபடியே நடந்தாள். ஒவ்வொரு கடையிலும் அந்தக் காலி இடம் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தன் பிள்ளையைத் தெருத் தெருவாகத் திரும்பத் திரும்ப அழிக்கிற மாதிரி இருந்தது.

பொரிக் கடை ஓரத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மூட்டை மேல் உட்கார்ந்து பாட்டோடு கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விக்கல் வந்தது. டோலக் தனியாக நடந்தது.

"வள்ளீ..." என்றாள் அந்தப் பெண்.

பாஞ்சாலை நின்றுவிட்டாள். யார் அது என்று கேட்டாள். மகள் என்றாள் அவள், கிணற்றில் விழுந்தவள் என்றாள். பாட்டுல அந்த எடம் அதுக்குத்தான விட்டிருக்காங்க, இல்லியா என்று திருப்பிக் கேட்டாள்.

நாலு நாள் கழித்து வழியில் பார்த்த அன்வர் பாஷாவும் அதையே சொன்னார். பஜாரில் பெண்களெல்லாம் அந்த இடத்தில் தங்கள் வீட்டு ஆட்களின் பேரைப் போட்டுப் பாடுகிறார்களாம். அவர் மனைவி முன்னி பேகம் இறந்துபோன தன் தம்பி அஸ்மத் பேரைச் சொல்கிறாளாம். அவர் சந்தோஷமாகச் சொன்னார். ராஜமாணிக்கம் அவளைத் தன் கடை வாசலிலேயே மடக்கிப் பிடித்தான்.

"பாத்தியாக்கா? பேரு இருந்திருந்தா அது உன் ஒருத்தி பாட்டு. நான் வெட்டனதாலதான் ஊர் பாட்டு ஆச்சு."

"ஊருக்குப் பாட்டு வேணும்னா ஊரு பாடிக்கட்டும். எம் புள்ளைக்கு வெச்ச எடத்துல எதுக்கு வந்து உக்காருது?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் துக்கம் துக்கமில்லை என்று அவள் நினைக்கவில்லை. கிணற்றில் விழுந்த வள்ளிக்காக அவள் வருந்தியது நிஜம். ஆனால் வள்ளிக்கு வள்ளியின் அம்மா பாடட்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் முறத்தில் கடலை பொறுக்கிக்கொண்டே புதுப் பாட்டு ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வோர் அடியிலும் பேரை வைத்தாள். அடியின் தலையில் காசி, நடுவில் காசி. வெட்டினால் பாட்டே மிஞ்சாது.

இருசப்பன் மண்டியிலிருந்து வந்தான். வாசலிலேயே நின்று கேட்டான். நிறுத்து என்றான். அவள் அடுத்த அடிக்குப் போனாள். முறத்தை எட்டி உதைத்தான். கடலை வீடெல்லாம் சிதறியது.

"பேரச் சொல்லாதன்னா சொல்லாத. நீ உருள ஓடிட்டடி. கடைசி வரிக்கும் அவன் கையப் புடிச்சிக்கினு இருந்தவன் நானு. சூடா இருந்த கை, என் கையிலயே ஆறிச்சி. அந்தப் பேரக் கேட்டா எனுக்கு அந்தக் கைதான்டி தெரியுது."

உயிர் திரும்பிப் பார்க்கும் என்று அவன் சொன்னதெல்லாம் பொய். அவனால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்து, மூட்டை தூக்கித் தடித்துப் போன கையை விரித்து அதைப் பார்த்து அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

பக்கத்தில் போய் அவன் தோளைத் தொட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. போகவில்லை. அவன் அழும்போதே அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவன் சொன்னது தாளத்தில் உட்காருகிறதா என்று பார்த்தாள். உட்கார்ந்தது.

"அப்பங் கையில சூடு ஆறயில, காசி..." என்று பாடினாள், அவன் முகத்துக்கு நேராகவே.