தானாக ஏறும் தண்ணீர்

வெர்லின் ஸ்கூக் ஒரு காரின் பானட்டைத் திறந்தால் சுற்றி நிற்பவர்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று டுலூத் நகரத்தில் சட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் எங்கள் பழைய டர்போ கார்ச் சங்கத்தில் அப்படி ஒரு மௌனம் விழுந்துவிடும். தலைவர் குனிவார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சுவார். பிறகு தீர்ப்பு வரும். மேல்முறையீடு கிடையாது.

மார்லிஸ் நீமியின் காருக்கு ஜூன் முதல் வாரம் தீர்ப்பு வந்தது.

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சு. இன்ஜின் காலி. குடுத்துடு."

"யாருக்குக் குடுக்க?"

"எனக்குத்தான். பாகங்களாவது உருப்படும். சனிக்கிழமை பத்து மணிக்கு டிரெய்லரோட வர்றேன். வண்டிப் பத்திரத்துல இப்பவே கையெழுத்துப் போட்டுக் குடு."

மார்லிஸுக்கு ஐம்பத்தாறு வயது. ஏரிக்கரைச் சாலையில் வடக்கே அறுபது மைல் வரை வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும் அவள் வேலை. அதற்கு இந்த முப்பத்தைந்து வயது ஸ்வீடன் கார்தான் அவளிடம் இருந்தது. இன்னொன்று வாங்க வழியில்லை. திங்கட்கிழமை ஓடுகிற வண்டியோடு வராவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கணுக்கால் உடைந்தபோது அந்த நாற்காலியில் இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்த ரெண்டு வாரத்துல அஞ்சு பேரைக் கொல்லணும்னு தோணுச்சு, ஏர்ல்," என்றாள் என்னிடம். "அதுல மூணு பேர் போன்லயே வராதவங்க."

ஆனாலும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டாள். வெர்லின் சொன்னால் எங்களில் யார்தான் போடமாட்டோம்?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது. என்னிடம் இருக்கும், கேஸ்கட்டைச் சோதிக்கும் நீல மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். இன்ஜினை ஆற்றும் தண்ணீர் நிற்கும் கூலன்ட் டப்பாவின் வாயில் அந்த மருந்துக் குழாயை வைத்துப் பிடிக்க வேண்டும். இன்ஜினின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவில் அடைத்து நிற்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட்; அது போய், எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இன்ஜினைச் சூடேற்றிப் பத்து நிமிஷம் பிடித்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

வெர்லினுக்குப் போன் போட்டேன்.

"மருந்து கெட்டுப் போயிருக்கும்," என்றார்.

"நேத்துதான் வாங்கினேன்."

"அப்ப நீ தப்பாப் புடிச்சிருப்ப."

மார்லிஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் சொன்னாள்: "சரி, அவர் சொன்னதை விடு. வண்டி என்ன சொல்லுதுன்னு கேளு. ஓடும்போது இது கொதிக்கவே இல்ல. மேட்டுல மிதிச்சு ஏத்தினாக்கூட சூடு காட்டுற முள்ளு அசையாது. வீட்டு வாசல்ல நிறுத்தி சாவியை எடுத்த ரெண்டாவது நிமிஷம் வயிறு உருள்ற மாதிரி சத்தம். நாலாவது நிமிஷம் டப்பா பொங்கி வழியுது. ஏன்யா, கேஸ்கட் போன இன்ஜின், நான் இறங்கிக் கதவைச் சாத்துற வரைக்கும் மரியாதையாக் காத்திருக்குமா?"

இதே மாடல் காரைப் பத்தொன்பது வருஷமாக வைத்திருக்கிறேன். இதன் கூலன்ட் வழிகளைப் பற்றிச் சங்கத்தில் இரண்டு முறை சொற்பொழிவு ஆற்றியவன் நான். இரண்டாவது முறை படம் காட்டி. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

மார்லிஸ் ஒரு பீட்சா அட்டைப் பெட்டியைப் பிரித்து பானட்டுக்குக் கீழே செருகினாள். சிவப்புப் பேனா, நீலப் பேனா. தண்ணீர் பம்ப்பில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஹோஸையும் விரலால் தொட்டுக்கொண்டே போய், அது எங்கே முடிகிறதோ அங்கே பெட்டியில் ஒரு கோடு. குத்துமதிப்பாக ஒன்றுகூடப் போடவில்லை. கை போகாத இடத்தில் கண்ணாடியும் டார்ச்சும் வைத்தாள். ரேடியேட்டருக்குப் போவது, திரும்புவது. உள்ளே ஹீட்டருக்குப் போவது, திரும்புவது. கடைசியில் டர்போ. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் அந்தச் சின்னச் சக்கரக் கூடு, மேடு ஏறினால் அடுப்புக்கரி போலச் சிவந்துவிடும். அதற்குக் கீழிருந்து தண்ணீர் வருகிறது. அதன் தலையிலிருந்து வெளியேறும் ஹோஸில் விரலை வைத்தவள் நின்றுவிட்டாள்.

"இது ஏன் கீழ போகுது?"

"எது?"

"டர்போவுலேர்ந்து டப்பாவுக்குப் போற ஹோஸ். டப்பா மேல இருக்கு. இது கீழ இறங்கி, சட்டத்தை ஒட்டிப் போய், அப்புறம் மேல ஏறுது. ஸ்வீடன்காரனுக்குப் பைத்தியமா?"

ஸ்வீடன்காரனுக்கு இல்லை. ஏப்ரலில் எங்கள் சங்கத்தின் வேலைநாள் நடந்தது. ஒரு பெரிய தகரக் கொட்டகையில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, டோனட் தின்றுகொண்டே ஒருவர் வண்டியை ஒருவர் சரிசெய்வோம். சாயங்காலம் எல்லா வண்டியிலும் புதிதாக ஒரு கோளாறு இருக்கும். யாரும் வெளியே சொல்வதில்லை, அதற்குப் பெயர்தான் நட்பு. அன்றைக்கு மார்லிஸ் வண்டியை எடுத்துக்கொண்டவர் வெர்லின்.

கார் கம்பெனி போட்ட ஹோஸ், டர்போவின் தலையிலிருந்து இன்ஜினுக்கு முன்னால் சாய்வாக, கல்யாணப் போட்டோவில் குறுக்கே நீட்டிய யாரோ ஒருவர் கை மாதிரி, நேரே டப்பாவுக்கு ஏறும். அசிங்கம்தான். கார் கண்காட்சியில் இன்ஜின் அழகுக்குத் தனியாக மதிப்பெண் உண்டு. வெர்லின் அந்தக் கையை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஹோஸைக் கண்ணுக்குத் தெரியாமல் கீழ்வழியாகக் கொண்டுபோனார். நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்று கைதட்டினோம். நானும் தட்டினேன்.

மார்லிஸ் பீட்சா பெட்டியில் போட்ட கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவியை எடுத்தா பம்ப்பு நின்னுடும், இல்லையா?"

"ஆமா."

"ஆனா டர்போ இன்னும் கொதிக்குது. அதுக்குள்ள இருக்கற தண்ணி சூடாகுது. சூடான தண்ணி எங்க போகும்?"

"மேல."

"மேலதான் டப்பா. அது ஏறிப் போனா கீழேர்ந்து சூடு கம்மியான தண்ணி அந்த இடத்துக்கு வரும். அதுவும் சூடாகி ஏறும். பம்ப்பு வேண்டாம், கரண்டு வேண்டாம், ஒரு சுவிட்சு வேண்டாம். நாம வீட்டுக்குள்ள போய்க் காபி போடறப்ப இது பாட்டுக்குத் தன்னைத்தானே ஆத்திக்குது." அவள் குரல் இறங்கியது. "ஐயோ, எவன்யா இதை யோசிச்சான்?"

எவனோ ஒருவன். அந்தக் கார் பிறந்த ஸ்வீடன் ஊரான டிரால்ஹாட்டனில் ஏதோ மேஜையில் உட்கார்ந்து, கார் ஓடாத நேரத்தைப் பற்றியும் கவலைப்பட்டவன். வழி மேல்நோக்கியே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் கேட்டது. நடுவில் ஒரு பள்ளம் வைத்தால் ஆவி டர்போவின் தலையில் சிக்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் தண்ணீரையெல்லாம் டப்பாவுக்குள் தள்ளிப் பொங்கவைக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பள்ளத்தின் கேடு வெளியே தெரியாது. அந்த அசிங்கமான ஹோஸை என் வண்டியில் தினமும் பார்த்த நான், அது ஏன் அசிங்கமாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இவள் ஒரு சாயங்காலத்தில் விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் ஹோஸ் வாங்கி வந்தோம். அவளே வெட்டி, அவளே மாட்டி, கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றினாள். பத்து மணிக்கு டிரெய்லர் வந்தது.

வெர்லின் இறங்கினார். பானட் திறந்திருந்தது. குறுக்கே அந்தக் கை.

"என்ன கண்றாவி இது?"

"ஹோஸ்," என்றாள் மார்லிஸ்.

"நான் அழகாப் போட்டுக் குடுத்ததை..."

"அழகாத்தான் போட்டீங்க, தலைவரே. தண்ணிக்குத்தான் ரசனை இல்ல."

"மார்லிஸ், சொன்னாக் கேளு. கேஸ்கட் போன வண்டிக்கு ஹோஸ் மாத்துறது, மண்டை உடைஞ்சவனுக்குத் தலை சீவி விடற மாதிரி. நாப்பது வருஷமா நான்..."

"ஏறுங்க. ஏர்ல், நீயும் ஏறு."

ஏரியிலிருந்து மலைக்கு ஏறும் தெருக்களில் மிகச் செங்குத்தானதாகப் பார்த்துத் திருப்பினாள். மிதித்த மிதியில் டர்போ விசிலடித்தது. வெர்லின் பேச்சு பாதியில் நின்று முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. உச்சியில் ஓரங்கட்டி, ஆற விடாமல் உடனே சாவியை எடுத்தாள். டர்போ வண்டியில் செய்யவே கூடாது என்று எல்லோரும் சொல்வது அது.

மூவரும் பானட்டைச் சுற்றி நின்றோம். வெர்லின் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

ஒரு நிமிஷம். இரண்டு. நான் வழக்கமான உருட்டலுக்குக் காது கொடுத்துக் காத்திருந்தேன். கீழே ஏரியில் ஏதோ கப்பல் ஊதியது. மார்லிஸ் ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு. டப்பாவில் தண்ணீர் வைத்த இடத்தில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்," என்றார் வெர்லின்.

பத்து நிமிஷம் போனது.

"டப்பாகிட்ட ஹோஸ் நுனியைத் தொட்டுப் பாருங்க," என்றாள். "மெதுவா. சுடும்."

தலைவர் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார். இன்ஜின் நின்று பத்து நிமிஷம் ஆகியும் சூடு மேலே வந்துகொண்டிருந்தது, யாரும் தள்ளாமல். வெர்லின் ஸ்கூக்கின் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்ததை அதற்குமுன் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருக்கு நிஜமாகவே கார் பிடிக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"தானாவே போகுது," என்றார்.

"தானாவேதான்."

கீழே வந்ததும் மார்லிஸ் கையை நீட்டினாள். அவர் பத்திரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு மூடி, கட்டுத்துணிப் பையைப் பின்சீட்டில் வைத்தாள். வடக்கே நைஃப் ரிவர் ஊரில் ஒரு கிழவர் பதினொரு மணிக்குப் புண்ணுள்ள காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார் என்றாள்.

"மார்லிஸ்." வெர்லின் ஜன்னல் பக்கம் குனிந்தார். தலைவராக இருந்த பதினொரு வருஷத்தில் அவர் யாரிடமும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். "அந்த ஹோஸ் எத்தனை இன்ச்சு? என் வண்டியிலயும் கீழதான் விட்டிருக்கேன்."

"இருபத்திரெண்டு வாங்குங்க. மாட்டிப் பார்த்துட்டு வெட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் கியரைப் போட்டாள்.